எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள்

காசிமேட்டில் இறால் எடை போடுவது என் வேலை. ஏலம் எடுக்கிற வியாபாரிக்காகத் தராசுப் பக்கம் நிற்பேன். படகிலிருந்து இறங்கின கூடையை அப்படியே தராசில் ஏற்ற விடமாட்டேன். ஒரு கூடையில் ஐஸ் தண்ணீர் மட்டும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ நிற்கும். கூடையைச் சாய்த்து வைத்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் எடை. படகுக்காரர்கள் கத்துவார்கள். "இன்னாமே, இறாலா, வடாமா? காய வெச்சிகினு கீற?" என்பார்கள். நான் அசையமாட்டேன். தண்ணீருக்குக் காசு கொடுக்க என் முதலாளி ஒன்றும் கேனையன் இல்லை என்பேன். பதினோரு வருஷமாக இந்த வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் செய்த முட்டாள்தனத்தை வேறு தொழில் செய்கிற ஒருத்தி செய்திருக்கமாட்டாள்.

நான் சின்ன வயசிலிருந்தே பருத்த உடம்பு. கல்யாணமாகித் திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்று பார்த்தது. எனக்கு அது பெரிய விஷயமில்லை. யாராவது கிண்டல் செய்தால் அவர்களைவிட நன்றாகக் கிண்டல் செய்யத் தெரியும். முதல் குழந்தை ஏழாம் மாசத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அது பெண் குழந்தை. பிரசவம் பார்த்த இடத்துக்குப் பக்கம் என்பதால் என் வீட்டுக்காரர் மூலக்கொத்தளம் மயானத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். ஏன் இறந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. துக்கம் விசாரிக்க வந்த நாத்தனார்தான் காரணம் சொன்னாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இம்மாம் சதைக்குள்ள அது எப்டிம்மா மூச்சு வுடும்?"

வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அந்த வார்த்தையோடு குடித்தனம் செய்தேன். குளிக்கும்போது வயிற்றைப் பார்க்கமாட்டேன். என் உடம்பு ஒரு குழந்தையை நெரித்துக் கொன்றுவிட்டது என்று மனசார நம்பினேன்.

ஆறு வருஷம் கழித்து மறுபடி நாள் தள்ளிப்போனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நல்ல சேதி சொல்ல வாய் திறந்தால் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் தங்கல் தொழில் செய்கிறவர், போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கடலில்தான். அவர் என் தலையில் கை வைத்து, "இந்த தபா ஒண்ணும் ஆவாது, நீ பேஜார் ஆவாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தேன். அங்கே பெரம்பூரிலிருந்து வருகிற ஒரு நர்சம்மா. நல்ல பொறுமைசாலி. எடை மெஷினில் ஏறினேன். எழுபத்தெட்டு. நர்சம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முதல் குழந்தை என்ன ஆச்சு என்று கேட்டார். "கீழ வுழுந்துட்டேன், கலைஞ்சி போச்சி" என்று சொன்னேன். பொய்தான். நாத்தனார் சொன்னதை இவர் வாயாலும் கேட்டுவிடக் கூடாது என்கிற பயம்.

அந்த நர்சம்மா எனக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். இது என் வாக்குமூலம் மாதிரி இருக்கட்டும். "பட்டினி கிடக்கக் கூடாதும்மா. இது எடைய குறைக்கற நேரம் இல்ல. ஏறத்தான் செய்யும், மெதுவா ஏறணும், அவ்வளவுதான். சோத்தப் பாதியாக்கிட்டு காய் சேத்துக்கோ. மீன வறுக்காத, குழம்பு வெச்சி சாப்பிடு. டீக்கு சர்க்கரை வேணாம். தண்ணி நிறையக் குடி. சாயங்காலம் கொஞ்சம் நட. மொத்தத்துல ஏழு, எட்டு கிலோவோட நின்னா உனக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது."

இவ்வளவு சொன்னதில் என் காதில் விழுந்தது ஏழு, எட்டு என்கிற நம்பர் மட்டும்தான். எடை போடுகிறவளுக்கு நம்பர்தானே காதில் விழும். ஏழெட்டு கிலோவைத் தாண்டினால் இந்தக் குழந்தையும் போய்விடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டில் நேர் எதிர். மாமியார் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், விற்காமல் வீட்டுக்கு வருகிற மீனில் நல்லது எனக்குத்தான். "துன்னுமா, ரெண்டு உசுரு கீது" என்று தட்டை நிரப்புவார். போதும் என்றால் முகம் சுண்டிப்போகும். இதில் சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு பை கொடுத்தது, சத்து மாவு, நெய், பேரீச்சம்பழம் என்று. குறைத்துச் சாப்பிடு என்று சொன்ன அதே இடத்தில் அரைக் கிலோ நெய்யும் கொடுத்து அனுப்புகிறார்களே என்று ஆட்டோவில் தனியாகச் சிரித்தேன். அந்தக் கர்ப்பத்தில் நான் சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

ஆறாம் மாசம் மெஷினில் ஏறினபோது ஒரே மாசத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தது. நர்சம்மா திட்டவில்லை. என் கர்ப்ப அட்டையில் அந்த நம்பரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "இன்னா சாப்பிட்டன்னு அடுத்த தபா எழுதிக்கினு வா, ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்" என்றார். அன்றைக்கு நான் பஸ் ஏறவில்லை. கொளுத்துகிற வெயிலில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட் வரைக்கும் நடந்தேன், திரும்பவும் நடந்தேன். அந்தச் சிவப்பு வட்டம் கண்ணுக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிகாலை தராசு பக்கத்தில் நின்றேன். ஒரு கூடை சொட்டி முடிக்கக் காத்திருந்தேன். வடிந்த பிறகு எடை ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: மெஷினுக்கு என்ன தெரியும், அது ஈரத்தையும் சேர்த்துத்தானே காட்டும். நிஜ எடை வேறே. வடிய வைத்துவிட்டு ஏறினால் என்ன?

அடுத்த எடை நாளுக்கு முந்தின நாள் மதியத்தோடு சோற்றை நிறுத்தினேன், தண்ணீரையும் நிறுத்தினேன். மாமியாரிடம் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஏறினேன். நம்பர் அடங்கிக் கிடந்தது. நர்சம்மா முகம் மலர்ந்து, "பாத்தியா, மனசு வெச்சா முடியுது" என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வெளியே வந்தேன். வாசலில் இருந்த கடையில் நின்ற நிலையில் நான்கு மோர் பாக்கெட் குடித்தேன். நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அதுக்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எடை நாள் நெருங்கினால் என் வாய் பூட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஐஸ், பெட்டி பெட்டியாக ஐஸ். ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், வாயில் வைக்கமாட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே குழந்தை உதைத்தால், பொறுத்துக்கோ, உனக்காகத்தான் என்று சொல்வேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. திருட்டுத்தனம் செய்கிறோம் என்கிற எண்ணம் துளிகூட இல்லை, குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்கிற எண்ணம்தான் முழுக்க முழுக்க.

எட்டாம் மாசம் பிறந்ததும் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் செருப்பு நுழையவில்லை. அப்புறம் மெட்டி விரலுக்குள் புதைந்து, சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றினேன். ஒரு வாரத்தில் முகம் உப்பிப்போய்க் கண் சின்னதாகிவிட்டது. வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் எனக்குப் பார்த்தவுடனே புரிந்திருக்கும், இது தண்ணீர் என்று. எடை கூட்டத் தண்ணீரில் ஊறப்போட்ட இறாலைத் தொட்டே கண்டுபிடிப்பவள் என்று துறைமுகத்தில் பேர் வாங்கினவள். என் காலை நானே அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது, மேலே வரவில்லை. அப்போதும் சதை போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அரை நாள் பட்டினியை ஒன்றரை நாளாக்கினேன்.

அந்த வாரம் நர்சம்மா பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூட இருந்தது. இரண்டாவது தடவையும் பார்த்தார், இறங்கவில்லை. எடையைப் பார்த்தார், ஏறவில்லை.

"தலைவலி, கண்ணு மங்கலா தெரியறது எதுனா இருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

"முகம் ஒரு மாதிரி இருக்கே. கால் வீங்குதா?"

"அதெல்லாம் இல்ல. நின்னுகினே வேல செய்றேன்ல, அதான்." புடவையை இன்னும் கொஞ்சம் இறக்கி விட்டுக்கொண்டேன்.

"சரி, ஒண்ணுக்குப் புடிச்சிக் குடு. உப்பு இருக்கான்னு பாத்துடலாம்."

கக்கூஸில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ஒன்றரை நாளாகத் தண்ணீர் குடிக்காதவளுக்கு எங்கிருந்து வரும்? காலி டப்பாவோடு வெளியே வந்தேன். "நாளைக்கு காலையில கண்டிப்பா கொண்டுவந்து குடு, மறந்துடாத, பிரஷரும் மறுபடி பாக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார். மறுநாள் நான் போகவில்லை. போனால் மறுபடி மெஷினில் ஏறச் சொல்வார்கள், நான் அதற்குள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் எழுந்தால் தலை இரண்டாகப் பிளந்தது. கண்ணுக்கு முன்னால் வெல்டிங் பொறி மாதிரி பறந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைந்தார்கள். மாமியாரைக் கூப்பிட்டேன், அவர் முகம் பாதிதான் தெரிந்தது.

"அத்த, கண்ணு தெரியல."

தெருமுனையில் இருந்த ஆட்டோவைப் பிடித்து என்னை ஏற்றினார். கடலோர ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் ஆட்டோ நின்றுவிட்டது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. எங்களுக்கு அது தினமும் பார்க்கிற காட்சிதான், திட்டிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்கு அந்த லாரிகளுக்கு நடுவில் என் குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உதைக்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்தே சரியாக உதைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாமியார் ஆட்டோவிலிருந்து குதித்தார். அறுபது வயசு, முழங்கால் வலி உள்ளவர். முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு லாரியின் கதவையும் உள்ளங்கையால் அடித்தார். "வயி வுடுய்யா, புள்ளத்தாச்சி, வயி வுடு." ஒருத்தர் ஒதுக்கினால் அடுத்த லாரி. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டோ அவர் பின்னாலேயே ஊர்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமியிடம் பேரம் பேசினேன். என்னை எடுத்துக்கொள், இதை விட்டுவிடு என்று. எனக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த பெண் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினாள். வந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயசு கம்மி. இரண்டு இடுப்பிலும் ஊசி போட்டார்கள், உடம்பெல்லாம் நெருப்பு பற்றினது போல எரிந்தது. டாக்டரம்மா என் அட்டையைப் புரட்டினார், காலை அழுத்தினார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இவ்வளவு தண்ணி கோத்திருக்கு. எடை ஏறவே இல்லன்னு எழுதியிருக்காங்க. எடை போட்டாங்களா, சும்மா எழுதினாங்களா?"

மாமியார் முந்திக்கொண்டார். "அந்த நர்சுதான் டாக்டரம்மா, கொறைச்சி துன்னு, கொறைச்சி துன்னுன்னு இவள கொன்னுச்சி."

நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே போய்விடும். அந்த நர்சம்மா தலையில் விழுந்துவிடும். ஒரு கணம் போகட்டும் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்போது டாக்டரம்மா என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். "எனக்கு நிஜம் தெரியணும்மா. எத்தன நாளா வீக்கம்? எடை குறையறதுக்கு மாத்திரை எதாவது போட்டியா? தெரிஞ்சாதான் உனக்கும் பாப்பாவுக்கும் என்ன குடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும்."

சொன்னேன். மாத்திரை போடவில்லை, எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிப்பதில்லை, சாப்பிடுவதில்லை என்று. எத்தனை தடவை என்று கேட்டார். ஆறாம் மாசத்திலிருந்து எல்லாத் தடவையும் என்றேன். வீக்கம் வந்து பத்து நாள் ஆகிறது என்றேன். நர்சம்மா கேட்டார், நான்தான் மறைத்தேன் என்றேன். முதல் குழந்தை நான் கீழே விழுந்ததால் போகவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அப்போதும் இதே மாதிரி வீக்கம், இதே மாதிரி தலைவலி. சொல்லச் சொல்ல மாமியார் கை என் கையிலிருந்து நழுவியது.

டாக்டரம்மா திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. வெட்டித்தான் எடுக்கவேண்டும், இப்பவே என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள்.

பெண் குழந்தை. எடை ஒரு கிலோ நானூறு. அவள் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மூன்று நாள் வரை யாரும் எங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. படகுக்கு வயர்லெஸ்ஸில் சேதி போய்விட்டது, என் வீட்டுக்காரர் கரைக்கு வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில், நான் வார்டில். எழுந்து போய்ப் பார்க்க அனுமதி இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மா என் படுக்கைக்கு வந்தார். மாமியாரும் இருந்தார். "முதல் குழந்தையும் இதே பிரஷராலதான் போயிருக்கும்னு தோணுது" என்றார். "உடம்பு எடை ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வரும். சதை குழந்தையை அமுக்கறதெல்லாம் கிடையாது. முதல் தடவை இப்படி ஆச்சுன்னு நீ சொல்லியிருந்தா, ஆரம்பத்துலேர்ந்தே மாத்திரை குடுத்து வாராவாரம் பாத்திருப்பாங்க. எடை திடீர்னு ஏறுதான்னு பாக்கறதே இதுக்குத்தான்மா. உன்னைத் திட்றதுக்கு இல்ல."

அவர் போன பிறகு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு வருஷம். வயிற்றைப் பார்க்காத ஆறு வருஷம். நான் கொல்லவில்லை என்று தெரிந்ததற்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. கொல்லாத ஒன்றுக்குப் பயந்து, உயிரோடிருக்கிற ஒன்றைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டு அழுதால் தையல் இழுத்தது. அதனால் கண்ணீர் காதுக்குள் போக விட்டேன்.

மாமியார் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மொத புள்ளைக்கு, தல வெடிக்குதுன்னு நீ மூணு நாளு சொன்ன. பித்தம்னு சொல்லி நாந்தான் சுக்கு ஒரசி பத்து போட்டு படுக்க வெச்சேன். டாக்டராண்ட இட்டுகினு போறேன்னு என் புள்ள சொன்னான். நாந்தான் வாணாம்னேன்."

நான் அவர் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"அவ சதைன்னு சொன்னா பாரு, அன்னிக்கு. நான் வாயத் தொறந்திருக்கணும். யாரும் என்னிய கேக்கலியே, அப்டியே போவட்டும்னு இருந்துட்டேன்."

அவரை அறையவேண்டும் போலிருந்தது. ஆறு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து, என் தட்டை நிரப்பிக்கொண்டு, இதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அந்த மீனெல்லாம் எதற்காக என்று இப்போது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? அவர் செய்ததைத்தானே நானும் அந்த நர்சம்மாவுக்கு ஒரு கணம் செய்யப் பார்த்தேன்.

வார்டு வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்று என் கட்டில் நம்பரைச் சொன்னாள். குழந்தைக்குப் பால் எடுத்துக் கொடுக்கவேண்டும், அம்மா நடக்க முடிந்தால் வரலாம் என்றாள். எழுந்திருக்கப் பார்த்தேன். தையல் என்னைத் திரும்பவும் படுக்கையில் தள்ளியது. வார்டில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. நான் கையை நீட்டினேன். மாமியார் தரையில் கை ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என்னைத் தூக்கிவிட்டார்.